எதெண்டாலும் சரி மிஸ்

“என்ன வேலை விருப்பம் தம்பி?” என்று கேட்டால் உன்னிச்சைப் பக்கத்தில் எனக்கு அதிகம் கிடைத்த பதில், “எதெண்டாலும் சரி மிஸ்” என்பதுதான். ஆண் பிள்ளைகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொல்வார்கள். பெண் பிள்ளைகள் பக்கத்தில் நிற்கும் தாயைப் பார்த்துவிட்டுச் சொல்வார்கள். படிவத்தில் ‘விருப்பமான தொழில்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தை நிரப்புவதுதான் தொழில் வழிகாட்டல் உத்தியோகத்தரின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். ‘எதெண்டாலும் சரி’ என்ற பதிலுக்குப் பின்னால் இருப்பதைக் கேட்டெடுப்பதே எங்கள் வேலை.

இப்படிச் சொல்கிற பிள்ளையைச் சோம்பேறி என்றோ கனவில்லாதவன் என்றோ சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதே பிள்ளை விடிய நான்கு மணிக்கு எழும்பி வயலுக்குப் போய்விட்டு வந்திருப்பான். இரவில் யானைக் காவலுக்கு மரத்துப் பரணில் இருந்திருப்பான். இது விருப்பமா என்று அவனிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. வேலை என்பது வந்து சேர்வது, இல்லாவிட்டால் யாராவது எடுத்துத் தருவது. முதல்முறையாக ஒருத்தி பைலும் பேனையுமாக வந்து “உனக்கு என்ன பிடிக்கும்?” என்று கேட்டால் அவன் வேறென்ன சொல்லுவான்?

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே இருப்பது எழுவான்கரை, மேற்கே இருப்பது படுவான்கரை. பட்டணமும் பெரிய ஆஸ்பத்திரியும் கச்சேரியும் பேர்பெற்ற பாடசாலைகளும் எழுவான்கரையில். நெல்லும் பாலும் தயிரும் தேனும் படுவான்கரையில். வலையிறவுப் பாலத்தைக் கடந்து வவுணதீவுக்கு வந்து, ஆயித்தியமலை வீதியால் உள்ளே போனால் உன்னிச்சை. மாவட்டத்தின் பெரிய குளங்களில் ஒன்று அங்கே இருக்கிறது. பல ஆயிரம் ஏக்கர் வயலுக்கு அந்தக் குளத்துத் தண்ணீர்தான். மட்டக்களப்புப் பட்டணத்துக் குழாய்களில் வருகிற குடிநீரும் இந்தக் குளத்திலிருந்து எடுத்து, வவுணதீவில் சுத்திகரித்து அனுப்பப்படுவதே. மாரியில் வான்கதவு திறந்தால் தாழ்நிலக் கிராமங்களின் பாதைகள் முழுகிவிடும். கோடையில் குளத்தின் வற்றிய பகுதி முழுக்கப் புல், புல் முழுக்க மாடு. பொழுது சாய்ந்தால் யானை. அதனால் அங்கே நான் வைக்கிற சந்திப்புகள் எல்லாம் காலையில்தான். குளக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு மருதமர நிழல், அல்லது கிராம அபிவிருத்திச் சங்கக் கட்டடம்.

நானும் தேடித் தெரிவு செய்து இந்த வேலைக்கு வந்தவள் அல்ல. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டம் முடித்துவிட்டு வீட்டிலிருந்த பல்லாயிரம் பேரில் ஒருத்தி. 2012இல் பட்டதாரிப் பயிலுனர்களை நாடு முழுக்கப் பெருந்தொகையாகச் சேர்த்தபோது எனக்கும் கடிதம் வந்தது. எந்தத் திணைக்களம், என்ன கடமை என்று கேட்காமலே கையெழுத்து வைத்தோம். மேசை தந்தார்கள், மேசைக்கு உரிய வேலை மெல்ல மெல்லத்தான் வந்தது. பிறகு பயிற்சிக்கு அனுப்பி, தொழில் வழிகாட்டலில் போட்டார்கள். இது எனக்குப் பொருந்தியது என் அதிர்ஷ்டம். என்னோடு அதே நாளில் கடமையேற்ற ஒருத்தி கணக்கில் புலி. ஐந்து சதம் பிசகினால் இரவு நித்திரை வராது அவளுக்கு. அவளைக் கிராமக் கூட்டங்கள் நடத்தப் போட்டிருந்தார்கள். கூட்டத்துக்கு முதல் நாளே அவளுக்கு வயிற்றைப் பிரட்டும். இரண்டு பேருக்கும் ஒரே பட்டம், ஒரே சம்பளம், ஒரே பதவிப் பெயர். பதவிப் பெயரைப் பார்த்து வேலையின் பொருத்தத்தைச் சொல்ல ஏலாது என்பதை நான் புத்தகத்துக்கு முதல் அவளிடம்தான் கண்டேன்.

பயிற்சியில் எங்களுக்கு இரண்டு பெயர்களைச் சொல்லித் தந்தார்கள். ஒருவர் அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்து ஃபிராங்க் பார்சன்ஸ். 1908இல், புலம்பெயர்ந்து வந்த ஏழைகள் நிறைந்த ஒரு பகுதியில், தொழில் ஆலோசனை சொல்வதற்கென்றே ஒரு பணியகம் திறந்தவர். அதே வருடம் இறந்துபோனார். அவருடைய புத்தகம் அடுத்த வருடம் வெளிவந்தது. அவர் சொன்னது மூன்று விஷயம்: உன்னை அறி, வேலைகளை அறி, இரண்டுக்கும் நடுவிலுள்ள பொருத்தத்தை நிதானமாக யோசி. பார்சன்ஸ் பொறியியல் படித்தவர், இரும்பாலையில் கூலியாக நின்றவர், பாடசாலையில் படிப்பித்தவர், சட்டத்தரணியானவர். அத்தனை வேலைகளைக் கைபட்டுச் செய்து பார்த்த ஒருவருக்குத்தான் இப்படியொரு பணியகம் வேண்டும் என்று தோன்றியிருக்கிறது.

மற்றவர் ஜோன் ஹொலண்ட். 1959இல் அவர் எழுதிய கோட்பாடு மனிதரின் ஆர்வங்களை ஆறு வகையாகப் பிரிக்கிறது: கருவிகளோடும் மண்ணோடும் வேலை செய்பவர், ஆராய்பவர், கலையில் ஈடுபடுபவர், மனிதர்களோடு பழகி உதவுபவர், முன்னின்று நடத்தி விற்பவர், ஒழுங்கும் பதிவும் காப்பவர். வினாத்தாளுக்குப் பதில் எழுதினால் கூடிய புள்ளி பெற்ற மூன்று வகைகளின் எழுத்துகள் சேர்ந்து ஒரு குறியீடு வரும். உலகமெங்கும் பாவிக்கிற கருவி; நல்ல கருவிதான். ஆனால் உன்னிச்சையில் அதைக் கொடுத்தபோது ஒரு விஷயம் பிடிபட்டது. ஆய்வுகூடத்தைக் காணாத பிள்ளையிடம் ஆய்வுகூடத்தில் நிற்க விருப்பமா என்று கேட்டால் அவன் ‘இல்லை’ என்றுதான் புள்ளடி போடுவான். அவனுக்கு அதில் ஆர்வம் இல்லை என்பதற்கு அது சாட்சியாகாது. வினாத்தாள் அளப்பது பிள்ளை இதுவரை கண்ட உலகத்தை. எழுவான்கரைப் பிள்ளை கண்டது ஒன்று, படுவான்கரைப் பிள்ளை கண்டது வேறொன்று.

அதனால் வினாத்தாளைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, நான் வேறொரு வழியில் தொடங்குகிறேன். “போன வெள்ளாமையை முதலிலிருந்து கடைசி வரைக்கும் சொல்லு மனே” என்று கேட்பேன். வேறொன்றும் கேட்பதில்லை. உழவு, விதைப்பு, எண்ணெய் அடிக்கிறது, பசளை, காவல், வெட்டு, விற்பனை. பத்து நிமிடத்தில் முடிகிற கதை. எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள், ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு இடத்தில் நிற்பார்கள். ஓடிக்கொண்டிருந்த பேச்சு ஓரிடத்தில் மெதுவாகும். கை அசையத் தொடங்கும். நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் என் முகத்தைப் பார்ப்பான். அந்த இடத்தைத்தான் நான் எழுதிக்கொள்வேன்.

ஒரு தம்பியைச் சொல்கிறேன். உயர்தரத்தில் கலைப்பிரிவில் சாதாரண சித்திகள். “கவுண்மேந்து வேல எதெண்டாலும்” என்று தாய் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருந்தார். உழவையும் விதைப்பையும் ஒரு மூச்சில் சொல்லி முடித்தான். தண்ணீரில் வந்து நின்றுவிட்டான். சிறுபோகத்தில் மழை இல்லை, எல்லாம் குளத்தை நம்பித்தான். எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர், எந்தத் திகதிக்குள் விதைப்பு என்று ஆரம்பக் கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். அதன்பிறகு வாய்க்காலுக்கு வாய்க்கால் முறைவைத்துத் திறப்பார்கள். முறைத் தண்ணீர் வந்தால் சண்டையும் கூடவே வரும், வயல்வெளிக்குப் பொறுப்பான வட்டை விதானையிடம் முறைப்பாடும் போகும்.

“மேல்வயல்காரர் இரவையில வக்கடைய வெட்டிப் போட்டா எங்கட வாய்க்கால்ல தண்ணி இறங்கிரும் மிஸ். விடியச் சொன்னா ஆரும் நம்பமாட்டாங்க. நான் ஒரு கம்பு நட்டு வெச்சிரிக்கன்.”

“என்ன கம்பு?”

“கோடு கீறின கம்பு. பொழுதுபட எங்க நிக்கிற, விடிய எங்க நிக்கிற எண்டு பார்க்கிற. மறுகா கொப்பியில எழுதி வெச்சி வட்டை விதானையிட்டக் காட்டினன்.”

கொப்பியைக் கொண்டுவரச் சொன்னேன். பாடசாலைக் கொப்பியின் பின்பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு, திகதி, மாலை, காலை, வித்தியாசம் என்று நான்கு நிரல்கள். மழை பெய்த நாளுக்கு மேலே ஒரு புள்ளி வைத்திருந்தான், அன்றைக்கு ஏறின தண்ணீர் மழைத் தண்ணீர் என்று தெரிவதற்காக. அந்தப் புள்ளியைப் பார்த்தபோது என் மனம் துள்ளியது. இப்படிச் செய் என்று இவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் இதற்குக் கூலி கொடுக்கவில்லை. அளக்க வேண்டும், எழுதி வைக்க வேண்டும், அளவு பிழைக்கக்கூடிய காரணத்தையும் குறித்துவைக்க வேண்டும் என்ற எண்ணம் தானாக வந்திருக்கிறது. கலைப்பிரிவில் சாதாரண சித்தி பெற்ற ஒரு பிள்ளையின் சான்றிதழில் இதில் ஒரு சொல்லும் கிடையாது.

குழாய் பொருத்தும் பயிற்சிக்கு அவனை அனுப்பினேன். தேசிய தொழிற் தகைமை, அதுதான் எல்லோரும் ‘என்விகியூ’ என்று சொல்வது, அதில் மூன்றாம் மட்டம் முடித்தான். இப்போது ஒரு ஒப்பந்தக்காரரிடம் குடிநீர்க் குழாய் பதிக்கும் வேலையில் நிற்கிறான். அமுக்கச் சோதனை வைத்து, மானியைப் பார்த்து எழுதும் பொறுப்பை அவனிடம்தான் கொடுக்கிறார்களாம். அடுத்த மட்டத்துக்குப் படிக்க வேண்டும் என்று போனில் கேட்கிறான். நாலாம் மட்டம், அதன் பிறகு டிப்ளோமாவுக்கான ஐந்தும் ஆறும், பட்டத்துக்குச் சமமான ஏழு என்று ஏணி இருப்பதை அவனுக்கு விளங்கப்படுத்தியிருக்கிறேன். தாய்க்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. கவுண்மேந்து முத்திரை கடிதத்தில் இல்லையே.

தாய்மாரின் இந்த ஆசையை நான் ஒருநாளும் இளக்காரமாக எடுத்ததில்லை. 2007 மார்ச்சில் யுத்தத்தால் படுவான்கரை முழுக்க இடம்பெயர்ந்தது. சட்டிபானையையும் மாட்டையும் விட்டுவிட்டு வாவியைக் கடந்து ஓடியவர்கள் இவர்கள். மே மாதத்திலிருந்து திரும்பி வந்து குடியேறியபோது பட்டி மாடுகள் பலருக்குக் கிடைக்கவில்லை. அத்தனை அழிவிலும் மாதம் முடியச் சம்பளம் வந்துகொண்டிருந்தது யாருக்கு? ஆசிரியருக்கும் கிளாக்கருக்கும்தான். அதற்குப் பிறகு 2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தது. தடையை அந்த வருடக் கடைசியில் எடுத்தார்கள், ஆனால் அதற்குள் பெரும்போகப் பயிர் மஞ்சளடித்து நின்றது. அடுத்த வருடம் எரிபொருளுக்கு வரிசை, நாடு முழுக்க 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்டார்கள். இதையெல்லாம் தாண்டி வந்த ஒரு தாய் ஓய்வூதியத்தைக் கேட்கிறாள் என்றால் அது நியாயமான கேள்வி. 2017இல் மட்டக்களப்புக் காந்திப் பூங்காவில் வேலையில்லாப் பட்டதாரிகள் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தபோதும் இந்த நியாயமே அங்கே உட்கார்ந்திருந்தது.

ஆனால் இரண்டு கேள்விகளை நான் பிரித்துவைக்கிறேன். எது என்னைக் காப்பாற்றும் என்பது ஒன்று. எது எனக்குப் பொருந்தும் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கான பதிலை இரண்டாவதற்கும் சேர்த்து எழுதிவிட்டால் பிள்ளை முப்பத்தைந்து வயதுவரை வர்த்தமானியைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பான். வயதெல்லை முடிந்த பிறகுதான் என் முன்னால் வந்து இருப்பான். அப்படிக் காத்திருந்து வயது போனவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அந்த முகங்களைப் பார்ப்பதுதான் இந்தத் தொழிலில் எனக்குக் கஷ்டமான பகுதி.

செய்ய ஏலுமான வேலை எல்லாம் பொருந்துகிற வேலை ஆகிவிடாது. இதை எனக்குச் சொல்லித் தந்தவர் ஒரு அக்கா. குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பியவர். “என்ன தெரியும் அக்கா?” என்றால், “ஒண்டும் தெரியா புள்ள, வீட்டு வேலதான்” என்றார். வெள்ளாமைக் கதைக்குப் பதிலாக அந்த வீட்டில் ஒரு நாளைச் சொல்லச் சொன்னேன். படுத்த படுக்கையாகக் கிடந்த கிழவியை எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் கிறுக்கிப் படுக்க வைப்பது, எந்த இடத்துத் தோல் முதலில் சிவக்கும், இன்சுலின் ஊசியை வயிற்றில் எங்கே மாற்றி மாற்றிப் போடுவது, சாப்பாடு இறங்காத நாளில் எதைக் கரைத்துக் கொடுப்பது என்று வரிசையாகச் சொன்னார். ஒரு தாதியின் வாயிலிருந்து வருகிற சொற்கள் அவை. முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை ஒன்று இருக்கிறது: பயிற்சி நிலையத்தில் படிக்காவிட்டாலும், வேலை செய்து பெற்ற திறமையை மதிப்பீட்டாளர் ஒருவர் சோதித்து என்விகியூ சான்றிதழ் கொடுக்கலாம். பராமரிப்பு உதவியாளர் தகைமைக்கு அவர் அப்படியே பொருந்துவார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். கொழும்பில் நல்ல சம்பளம், முதியோர் இல்லங்களில் ஆள் தேவை.

அக்கா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: “ஏலும் புள்ள. ஆனா இனி இரவையில இன்னொராள்ட முனகலுக்குக் காது குடுத்துக்கொண்டு நித்திர கொள்ள ஏலாது.”

அவரிடம் ஆற்றல் குறையவில்லை, அறிவு குறையவில்லை. அந்த வேலையின் இரவுதான் அவருக்கு ஒத்துவரவில்லை. அன்றிலிருந்து நான் வேலையைப் பற்றிப் பேசும்போது இரவைப் பற்றியும் பேசுகிறேன். எத்தனை மணிக்கு எழும்ப வேண்டும், யாரோடு சேர்ந்து நிற்க வேண்டும், யாரிடம் ஏச்சு வாங்க வேண்டும், வெயிலா நிழலா, நின்றுகொண்டா இருந்துகொண்டா, காசு நாளாந்தமா மாதமா போகத்துக்கு ஒருமுறையா. வேலையின் பெயரை நூறு பேர் விரும்பலாம், அந்த வேலையின் செவ்வாய்க்கிழமை மத்தியானத்தைத் தாங்குகிறவனுக்குத்தான் அது பொருந்தும். அக்கா பிறகு இரண்டு எருமை வாங்கினார். தயிர்ச் சட்டிகளை ஆயித்தியமலைச் சந்திக்கு அனுப்புகிறார். சான்றிதழையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் நச்சரித்ததில் அதற்கும் விண்ணப்பித்திருக்கிறார்.

முன்கற்றல் அங்கீகாரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பகுதிக்கு அதைப்போல உதவுகிற ஏற்பாடு வேறில்லை. பத்துப் பதினைந்து வருடம் மேசன் வேலை செய்தவர், வெல்டிங் செய்தவர், வெட்டு மிசின் ஓட்டி, பழுதானால் வயலுக்குள்ளேயே கழற்றிப் பூட்டியவர் என்று வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். கையில் ஒரு துண்டுக் கடிதம் கிடையாது. தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை இந்த மதிப்பீட்டை ஒழுங்கு செய்கிறது. செய்த வேலைகளின் படங்கள், வேலை கொடுத்தவர்களின் கடிதங்கள் எல்லாம் சேர்த்து ஒரு கோவை தயாரிக்க வேண்டும். மதிப்பீட்டாளர் வந்து கேள்வி கேட்டு, செய்துகாட்டச் சொல்லிப் பார்ப்பார். கோவை தயாரிக்கும்போது நடக்கிற ஒன்றுதான் எனக்குப் பிடித்தது. மனிதர் தன் வாழ்நாளில் கட்டிய வீடுகளையும் ஒட்டிய கேற்றுகளையும் தேடித் தேடிப் போய்ப் போனில் படம் எடுப்பார். எடுத்த படங்களை வரிசைப்படுத்தும்போது, எதை முதலில் வைக்கிறார் என்று பார்த்தால், அவருக்குள் இருக்கிற தொழிலாளி தெரிந்துவிடுவார். ஒரு மேசன் தான் கட்டிய இரண்டு மாடி வீட்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, கிணற்றுக் கட்டு ஒன்றின் படத்தை முதலில் வைத்தார். ஏன் என்று கேட்டேன். “வட்டம் பிசகல்ல புள்ள, பாருங்க” என்றார். பிறகு அவர் கிணறு, தாங்கி, வளைவு வேலைகளையே தேடி எடுக்கிறார். அதில் கூலியும் கூட.

எதையும் காணாத பிள்ளைகளுக்குக் கதை போதாது, காட்ட வேண்டும். மஞ்சந்தொடுவாயிலுள்ள தொழில்நுட்பக் கல்லூரிக்குப் பஸ் பிடித்துக் கூட்டிப்போகிறோம். அங்கே நான் பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்வதில்லை. ஓரமாக நின்று அவர்கள் கால்களைப் பார்ப்பேன். எந்தப் பட்டறை வாசலில் கால் உள்ளே போகிறது, எதில் வாசலோடு நிற்கிறது. ஒருமுறை ஒட்டுவேலைப் பட்டறையில் இரண்டு பெடியன்கள். தீப்பொறி பறந்தபோது இருவருக்கும் ஒரே ஆரவாரம். வேலை முடிந்து பொறி அடங்கியதும் ஒருவன் அடுத்த பொறியைத் தேடிக் கிறுகிவிட்டான். மற்றவன் குனிந்து, ஆறிய ஒட்டின் மேல் நகத்தை வைத்து மெல்ல இழுத்துப் பார்த்தான். ஓரிடத்தில் நகம் தடக்கியது. போதனாசிரியரைப் பார்த்து, “இதில ஓட்டை விழுந்திரிக்கா சேர்?” என்று கேட்டான். ஆசிரியர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பொறியில் மயங்கியவன் நல்ல பிள்ளைதான், அவனுக்கு வேறு இடம் இருக்கிறது. ஒட்டைத் தடவியவனை அந்தப் பட்டறையை விட்டு வெளியே விடக்கூடாது.

பொருந்திய வேலையில் ஏற்கெனவே நிற்கிறவர்களும் வருகிறார்கள், அதை விட்டுவிடுவதற்காக. மாட்டுப் பட்டிக்காரப் பிள்ளைகள் பெரும்பாலும் இந்த வகை. பெரும்போகத்தில் வயலெல்லாம் பயிராகிவிட்டால் மாடுகளை மயிலத்தமடு, மாதவனைப் பக்கத்து மேய்ச்சல் தரைகளுக்குச் சாய்த்துக்கொண்டு போய், வெட்டு முடிந்த பிறகு கொண்டுவருவார்கள். மேய்ச்சல் தரை பற்றிய தகராறுகள் ஊரறிந்தவை. அதைவிடவும் இந்தப் பிள்ளைகளை வாட்டுவது, பட்டிக்காரனுக்குப் பெண் கொடுக்க யோசிக்கிறார்கள் என்பது. ஒரு பெடியன் நூற்றுக்கணக்கான மாடுகளில் எது யாருடையது என்று குறியைப் பார்க்காமலே சொல்வான். எந்த மாடு நோயில் விழப்போகிறது என்று அது அசைபோடுவதைப் பார்த்து முதல்நாளே சொல்வான். அவன் வந்து, கடையில் நிற்கிற வேலை ஒன்று தேடித் தரச் சொன்னான். இப்படிப்பட்டவனுக்கு வேறு வேலை தேடிக் கொடுப்பது எனக்கு மனம் ஒப்பாத காரியம். அவனுக்கு வேண்டியது அவன் செய்கிற வேலைக்கு ஒரு மரியாதையும் ஒரு படியும். செயற்கை முறைச் சினைப்படுத்தல் பயிற்சி பற்றிச் சொன்னேன், கால்நடை வைத்தியரிடம் கூட்டிப்போனேன். வைத்தியர் பசு ஒன்றைக் காட்டிக் கேள்வி கேட்க, இவன் சரளமாகப் பதில் சொல்ல, அவர் கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு பேசத் தொடங்கிவிட்டார். பெடியன் இன்னும் முடிவு சொல்லவில்லை. கடையா பட்டியா என்று ஊசலாடிக்கொண்டிருக்கிறான். பெண் வீட்டார் என்ன சொல்கிறார்கள் என்பதில்தான் அது தங்கியிருக்கிறது. அதற்கு என்னிடம் பயிற்சிநெறி எதுவும் இல்லை.

திருக்குறளில் தெரிந்து வினையாடல் என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. ஒரு வேலையை யாரிடம் கொடுப்பது என்பதைப் பத்துக் குறளில் இவ்வளவு கூர்மையாக யோசித்த நூலை நான் வேறெங்கும் காணவில்லை. ஆனால் அது வேலை கொடுக்கிற அரசனைப் பார்த்துச் சொன்னது. வேலையை ஏற்கிறவன் தனக்கு எது பொருந்தும் என்று எப்படித் தேர்வது? அந்தக் கேள்விக்கு வழிகாட்ட வீட்டிலும் பாடசாலையிலும் யாருமில்லாமல்தான் எங்கள் பிள்ளைகள் வளர்கிறார்கள். 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வியில் உயர்தர வகுப்பிலேயே தொழிற் பாடங்களைப் படிக்க வழி செய்தார்கள். அருமையான ஏற்பாடு. அது எல்லாப் பாடசாலைகளிலும் இல்லை. உள்ளூர்ப் பிள்ளை அதற்காகத் தூரப் போக வேண்டும். போகிற பிள்ளைக்கு நேரத்துக்குப் பஸ் வேண்டும்.

பஸ்ஸைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. அதைத்தான் நான் இப்போது போகிற இடமெல்லாம் பேசிக்கொண்டு திரிகிறேன். முழுநேரத் தொழிற் பயிற்சிநெறிகள் அனேகமாக வருடத் தொடக்கத்தில் ஆரம்பமாகின்றன. விண்ணப்பம் கேட்பது அதற்கு முந்திய மாதங்களில். ஒக்டோபர், நவம்பரில் உன்னிச்சையில் வீட்டிலுள்ள ஆண், பெண் எல்லோரும் பெரும்போக விதைப்பில் நிற்பார்கள். பத்திரிகை விளம்பரத்தைப் பார்க்க ஆளிராது. நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கும்போது வான்கதவு திறந்து பாதை முழுகியிருக்கும். வகுப்புத் தொடங்கும்போது கதிர் பால்பிடித்திருக்கும், யானை இறங்கும் காலம்; இரவுக் காவலுக்கு அந்தப் பெடியன் இல்லாவிட்டால் வீட்டில் வேறு ஆள் இல்லை. வெட்டு முடிந்து கையில் காசும் நேரமும் வருவது மார்ச் கடைசியில். அப்போது எல்லா இடமும் நிரம்பிவிட்டிருக்கும். இதனால் தவறிப்போன பிள்ளைகளை ‘ஆர்வமில்லை’ என்று பதிவுகளில் எழுதுகிறார்கள். நான் அறிந்தவரையில் அவர்களில் பலருக்கு ஆர்வத்துக்குக் குறைவில்லை. கொப்பியில் கோடு போட்டுத் தண்ணீர் அளந்த தம்பியே முதல் வருடம் இப்படித்தான் தவறிப்போனான்.

ஆகவே படுவான்கரைக்கென்று ஒரு தொகுதியைச் சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு தொடங்குங்கள், விண்ணப்பத்தை மார்ச்சில் கேளுங்கள், நேர்முகத் தேர்வை வவுணதீவிலேயே வையுங்கள் என்று மேலிடத்துக்கு எழுதினேன். பாடவிதானத்தில் ஒரு சொல்லும் மாற வேண்டாம், திகதி மாறினால் போதும். குறுகிய காலப் பயிற்சி ஒன்றுக்கு அப்படிச் செய்து பார்த்தபோது வகுப்பு நிரம்பியது, இடையில் விலகியவர்களும் மிகக் குறைவு. அந்த வரவுப் பதிவேட்டின் பிரதியை இணைத்து, முழுநேரப் பயிற்சிகளுக்கும் சேர்த்து இந்த வருடம் திரும்ப எழுதியிருக்கிறேன்.